கால் முளைத்த கேரட்டுகள்

முதல் அறுவடையில் நான் பிடுங்கிய முதல் கேரட்டுக்கு இரண்டு கால்கள் இருந்தன. அடுத்ததற்கு மூன்று. ஒன்று கட்டைவிரல் நீளத்தில் நின்று, அங்கிருந்து பக்கவாட்டில் திரும்பி வளர்ந்திருந்தது. அன்றைக்குப் பார்த்துத்தான் என் கணவரின் அக்கா சாமராஜநகரிலிருந்து வந்திருந்தார்.

மைசூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பன்னிரண்டடி இடம் உண்டு. நஞ்சன்கூட்டில் ஒரு துணி ஃபேக்டரியில் வருஷக்கணக்காக நின்றபடியே வேலை பார்த்து முழங்கால் போனபின், நான் வேலையை விட்டுவிட்டு அந்த இடத்தைக் கேட்டேன். என் கணவர் கட்டட மேஸ்திரி. அந்த வீட்டைக் கட்டியதும் அவரே. பின்பக்கம் சிமெண்ட் பூசி, கான்கிரீட்டுக்கு முட்டுக்கொடுக்கும் சென்ட்ரிங் பலகைகளை அடுக்கி வைப்பது அவர் திட்டம். "ஒரு வெள்ளாமை பாரு. வரலீன்னா சிமெண்ட்டுதான்" என்றார்.

தேவராஜ மொஹல்லாவில் விதை வாங்கி வந்தேன். ஒரு சாண் ஆழம் கொத்தித் தூவினேன். தழை அப்படி ஒரு செழிப்பு. பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து "தும்ப சென்னாகிதே!" என்று கன்னடத்தில் பாராட்டும் அளவுக்கு இருந்தது. தழையை நம்பித்தான் மூன்று மாதம் காத்திருந்தேன்.

கூடையைப் பார்த்ததும் கணவரின் அக்கா சிரித்துவிட்டார்.

"ஏம்புள்ள, இது கேரட்டா, கோழிக்காலா?"

நானும் சிரித்திருப்பேன். அவர் அதோடு நிறுத்தவில்லை.

"அந்தக் கையில எதுதான் நேரா வந்துது? பதினேழு வருஷமாப் பாத்துக்கிட்டுத்தான இருக்கறோம்."

எங்களுக்குக் குழந்தை இல்லை. டாக்டரம்மா இரண்டு பேரையும் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார். நான் மூன்று முறை போனேன். என் கணவர் ஒரு முறையும் வரவில்லை. அக்காவுக்கு இது தெரியாது. நானும் யாரிடமும் சொன்னதில்லை. கணவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அழவில்லை. திரும்பிப் போய் மிச்சமிருந்த கேரட்டுகளைப் பிடுங்கினேன். மதிலோரம் ஒன்று வரமாட்டேன் என்றது. சுற்றிலும் தோண்டி எடுத்தேன். அதன் இரண்டு கால்களுக்கும் நடுவில் ஒரு டைல்ஸ் துண்டு இறுகிக் கிடந்தது. வெள்ளையில் நீலப் பூ. எங்கள் குளியலறைச் சுவரில் இருக்கும் அதே பூ. ஒரு இரும்புக் கம்பியை எடுத்து அங்கங்கே குத்திப் பார்த்தேன். ஒரு சாணுக்குக் கீழே எங்கு குத்தினாலும் 'டங்' என்றது.

அக்கா மத்தியானப் பஸ்ஸில் கிளம்பிப் போனார். சாயங்காலம் அந்தக் கேரட்டை டைல்ஸோடு கணவர் முன்னால் வைத்தேன்.

"இது நம்ம பாத்ரூம் டைல்ஸ்தானுங்களே?"

திருப்பிப் பார்த்தார். "ஆமா."

"அங்க எப்படிங்க போச்சு?"

"வீடு கட்டறப்ப ஒடஞ்சது, மிச்சமானது எல்லாத்தையும் பள்ளத்துல தள்ளி மேல மண்ணப் போட்டம். எல்லா எடத்துலயும் அதான் பண்றது."

"அப்ப என் கையச் சொன்னப்ப ஏனுங்க சும்மா இருந்தீங்க?"

கேரட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அதுக்குத்தான் சொல்றன், சிமெண்ட் போட்டுரலாம்" என்றார்.

"போடுங்க பாக்கலாம்."

கல்யாணமானதிலிருந்து அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. ஆனால் சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் கடப்பாரையை எடுத்தேன். முழங்கால் மடங்காது என்பதால் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒன்றரை அடி ஆழம் தோண்டினேன். அவருடைய மணல் சல்லடையை எடுத்துவந்து, தோண்டிய மண் முழுவதையும் சலித்தேன். செங்கல், ஜல்லி, கட்டியாய்ப் போன சிமெண்ட், வளைந்த ஆணிகள். எல்லாவற்றையும் அவர் பைக் நிறுத்தும் இடத்தில் குவித்தேன். வேண்டுமென்றேதான். மூன்று நாள் பைக்கைத் தெருவில் நிறுத்தினார். நான்காம் நாள் ஒரு லோடு ஆட்டோவைக் கூட்டி வந்து, குவியலை அள்ளிக்கொண்டு போனார்.

இரண்டாவது விதைப்பிலும் தோற்றேன். கேரட் நீளமாக இறங்கியிருந்தது, ஆனால் உடம்பெல்லாம் சல்லிவேர், நுனியில் பிளவு. மண்ணுக்குப் பலம் வேண்டுமென்று பச்சைச் சாணத்தை அள்ளிப் போட்டிருந்தேன். சாணம் எட்டாத ஒரு மூலையில் மட்டும் கேரட் வழவழவென்று இருந்ததைப் பார்த்தபோதுதான் தப்பு விளங்கியது. நெருக்கமாக முளைத்தவற்றைக் கலைக்க மனம் வராமல் விட்டிருந்தேன். அவை ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கயிறு மாதிரி வந்தன.

"போதும் விட்டுரு" என்றார் கணவர். விடவில்லை.

மூன்றாவது முறை, பொடிப்பொடியாக மக்கிய பழைய எருவை மட்டும் கலந்தேன். நாற்று விரல் உயரம் வந்ததும் இரண்டு விரல் இடைவெளி விட்டு மற்றதையெல்லாம் பிடுங்கி எறிந்தேன். அறுவடைக்கு முந்தின நாள் நானே கணவரின் அக்காவுக்குப் போன் செய்தேன். "நங்கையா, நாளைக்கு வாங்க. கேரட் புடுங்கறன்." கணவரின் அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

வந்தவர் கண்ணெதிரே பிடுங்கினேன். பத்துக்கு எட்டு நேராக வந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குக் குறையவில்லை.

"பரவால்லியே, கை திரும்பிருச்சாட்ட இருக்குது" என்றார் அவர்.

"கை அதேதானுங்க நங்கையா. மண்ணத்தான் மாத்துனன்."

கணவர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். இறங்கி வந்தார்.

"அக்கா, அன்னைக்கு அது கோணலா வந்தது நான் போட்டு மூடுன கல்லால. இவ கையில ஒரு குத்தமும் இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "எதுலயுமே இல்ல" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், பிறகு மண்ணைப் பார்த்தார். இந்தப் பதினேழு வருஷத்தில் என்றைக்கோ வந்திருக்க வேண்டிய சொல் அது. அதைக் கேட்டு நான் உருகிவிடவில்லை, நன்றியும் சொல்லவில்லை. ஒரு பையில் கேரட்டை நிரப்பி நங்கையாவிடம் கொடுத்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

சென்ட்ரிங் பலகைகள் இப்போது மொட்டை மாடியில் இருக்கின்றன. போன வாரம் வீட்டு முன்பக்கம், மதிலோரமாக இரண்டடி அகலத்துக்கு, அடுத்த பாத்திக்காகச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அவரே சிமெண்ட் பூசி மெழுகிய தரை அது. வேலைக்குக் கிளம்பியவர் நின்று பார்த்தார்.

"அதையுமா ஒடைக்கப் போற?"

"ஆமாங்க. கடப்பாரைய எங்க வெச்சீங்க?"