வந்து சேர்ந்ததாகக் கொள்க

நியூ ஜெர்சியில் 'ரூட் ஒன்' என்ற நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பெரிய கடை. பொம்மைகளும் முகாம் சாமான்களும் கலந்து தொங்கும் வரிசையில் மேஜர் அரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு ஜோடி வாக்கி டாக்கி. மஞ்சள் நிறம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நாய் என்று ஒரு குடும்பமே பனிச்சறுக்குக்குக் கிளம்புகிற படம் உறையின் மேல் இருந்தது. நான் ஷாம்பூவும் துணி சோப்பும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோதும் மனிதர் அதே இடத்தில்தான் இருந்தார். இது எவ்வளவு தூரம் எட்டும் என்று கடைப் பெண்ணிடம் கேட்டார். நடுவில் மறைப்பு எதுவும் இல்லையென்றால் இரண்டு மைல் என்றாள் அவள். மேஜர் அதைப் பழைய கொக்கியிலேயே மாட்டினார். மற்ற உறைகளோடு வரிசையாக இருக்கிறதா என்று வேறு ஒரு முறை பார்த்துக்கொண்டார். "எங்கள் நாட்டில் மறைப்பைத் தவிர வேறொன்றும் கிடையாது" என்றார் என்னிடம். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சிரித்துத் தொலைத்தேன்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருடத்து இலையுதிர் காலம். நான் ஈரோட்டுப் பக்கம். எங்கள் ஆபீஸில் மற்றவர்கள் மதுரை, சேலம், மெட்ராஸ். எல்லாருக்கும் ஒரே வேலைதான். பழைய புரோகிராம்களில் வருடத்துக்கு இரண்டு இலக்கம் மட்டும் ஒதுக்கியிருந்த இடத்தையெல்லாம் தேடிப் பிடித்து நான்காக்குவது. தொண்ணூற்றொன்பதுக்கு அடுத்து இரண்டு பூஜ்யம் வந்தால் மிஷின் அதை ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று எண்ணிக் காலத்தில் பின்னோக்கிப் போய்விடும் என்று உலகமே அரண்டுபோயிருந்தது. அந்தப் பயத்தில்தான் எங்களுக்கு விசா கிடைத்தது, சோறு கிடைத்தது. பொய் சொல்லக் கூடாது, அந்தப் பயம் நல்லா இருக்கட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன்.

டிரை கிளீனிங் கடைக்கு மேல் மாடியில் இருந்த எங்கள் கம்பெனிக்கு, கை மாறிக் கை மாறி நான்காவது கையாக வந்த வேலை அது. ஒரு சின்ன நாட்டு ராணுவத்தின் சாமான் இருப்புப் பதிவு. நாட்டின் பெயர் வேண்டாம். அட்லஸில் விரலை வைத்தால் விரலுக்கடியில் மறைந்துபோகிற அளவு நாடு, முக்கால்வாசி மலை. அந்த ராணுவத்தில் பாதிப் பேருக்குக் குளிருக்கான பூட்ஸ் கிடையாது, இருக்கிற லாரிகளில் ஓடுகிறவை கொஞ்சம், எல்லை முகாம்களில் வயர்லெஸ் செட் கிடையாது. அதையெல்லாம் வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை. ஆனால் அதெல்லாம் இல்லை என்று எழுதி வைத்திருக்கிற கம்ப்யூட்டரைச் சரிசெய்துகொடுக்க ஒரு பணக்கார நாடு உதவி அறிவித்திருந்தது. எங்கே போய் முட்டிக்கொள்வது! அந்த உதவியின் பேரில், செய்த வேலையைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போட மூன்று வாரத்துக்கு அனுப்பப்பட்டவர்தான் மேஜர். அவர்கள் கிடங்குக்குப் பொறுப்பாளர். ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லி, ஒரே ஒரு கோட்டு.

வந்த இரண்டாம் நாளே அவரை நான் ரோட்டோரத்தில் பிடித்தேன். மோட்டலிலிருந்து எங்கள் ஆபீஸுக்கு, நடைபாதையே இல்லாத ரோட்டில், பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவோடு நடந்து வந்துகொண்டிருந்தார். பக்கத்திலேயே கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு பறந்தன. என் ஓட்டைக் காரை ஓரங்கட்டி ஏற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து போக வர நான்தான் அவருக்கு டிரைவர். என் டப்பாவில் இருந்த தயிர்சாதத்தையும் எலுமிச்சை ஊறுகாயையும் முகம் சுளிக்காமல் சாப்பிட்ட ஒரே வெளிநாட்டுக்காரர் அவர்.

காரில்தான் மேல் முகாமைப் பற்றிச் சொன்னார். ஆங்கிலத்தில் அவர் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன். எல்லையில் கடைசி முகாம், பதினொரு பேர். அங்கே வயர்லெஸ் கிடையாது. ஏதாவது என்றால் ஒருவன் நடந்தே இறங்கி வந்து சேதி சொல்ல வேண்டும், ஒன்றரை நாள் நடை. அதற்கென்றே, அந்தப் பதினொரு பேர் போக, நல்ல காலுள்ள நாலு பேரை ஓட்டக்காரர்கள் என்று வைத்திருந்தார்கள். இரண்டு குளிர்காலத்துக்கு முன் அங்கே ஒருவனுக்கு வயிற்றில் குடல்வால் வெடித்துவிட்டது. ஓட்டக்காரன் கீழே வந்து சொல்லி, டாக்டர் மேலே போய்ச் சேர்ந்தபோது அவனைப் புதைத்து முடித்திருந்தார்கள். "ஒவ்வொரு வருடமும் வசந்தத்தில் அமைச்சகத்தில் கூட்டம். பற்றாக்குறைப் பட்டியலை மேசைமேல் வைப்பேன். முதல் வரி மேல் முகாமுக்கு ஆறு வயர்லெஸ் செட். ஆறு வருடமாக அதுதான் முதல் வரி. இந்த வருடம் வாங்கித் தருவதாக ஒருவர் தலையை ஆட்டியிருக்கிறார்" என்றார். தலையை ஆட்டிய அந்த ஒருவரை நம்பித்தான் அவர் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பட்டியலை மிஷின் எப்படித் தயாரித்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். சுலபம்தான். ஒவ்வொரு சாமானுக்கும் எத்தனை இருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது, எத்தனை கேட்டிருக்கிறோம், எந்தத் தேதிக்குள் வரும் என்று நாலு கட்டம். இந்தப் புரோகிராமை முதலில் எழுதிய புண்ணியவான் ஒரு விதி வைத்திருந்தான். சொன்ன தேதி கடந்துவிட்டால், சாமான் வந்து சேர்ந்ததாகக் கொள்க. சொன்ன தேதிக்குச் சாமான் வருகிற நாட்டுக்காரனாக இருந்திருப்பான். இவர்கள் நாட்டில் எதுவுமே வராது. அதனால் கிடங்குக் குமாஸ்தாக்கள் வருடா வருடம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியிலும் தேதியைக் கையால் தள்ளிவைத்துக்கொண்டே வந்தார்கள். தள்ளித் தள்ளி அலுத்துப்போன மேஜர், ஒரு வருடம் எல்லாவற்றையும் மொத்தமாகத் தொண்ணூற்றொன்பது டிசம்பர் முப்பத்தொன்றுக்குத் தள்ளிவிட்டார். அதற்கு மேல் அந்த மிஷினுக்கு நாளே கிடையாது. இதைச் சாப்பாட்டு நேரத்தில் அவர் சொல்ல, நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். புரோகிராம் முழுக்க என் கண்முன் இருந்தும், எனக்கு மண்டையில் உறைக்கவில்லை.

பரிசோதனை நாள் வந்தது. மிஷினின் கடிகாரத்தை ஜனவரிக்குத் திருப்பி வைத்துப் பற்றாக்குறைப் பட்டியலை ஓடவிட்டேன். பிரிண்டர் ஒரே ஒரு தாளைத் துப்பியது. தலைப்பு, தேதி, அதற்குக் கீழே 'வரிகள் இல்லை'. தேதி இரண்டாயிரம் என்று முழுசாக, அழகாக இருந்தது. எங்கள் தொழிலில் குறை சொல்லும் பட்டியல் காலியாக வந்தால் கொண்டாட்டம். அப்படியே பழகிவிட்ட கண். மேனேஜர் கையைத் தட்டினார். "சூப்பர்மா! ரிப்போர்ட் க்ளீனா வந்துடுச்சு பாரு!" கேக் கூட வாங்கி வைத்திருந்தார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு அந்தத் தாளை மேஜரிடம் நீட்டினேன்.

அவர் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "என் வயர்லெஸ் செட்டுகள் எங்கே?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் கை வைக்காமல் இருந்திருந்தால் அந்த மிஷின் டிசம்பர் முப்பத்தொன்றைத் தாண்டியிருக்கவே தாண்டியிருக்காது. பின்னோக்கிப் போய் ஆயிரத்துத் தொள்ளாயிரத்திலேயே உட்கார்ந்திருக்கும். தேதி கடக்காது. இல்லாதது இல்லாததாகவே இருந்திருக்கும். நாங்கள் சரிசெய்தோம், தேதி கடந்தது, ஒரு நொடியில் அந்த ராணுவத்துக்குப் பூட்ஸ், லாரி, வயர்லெஸ் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. இவ்வளவு ஆயுதபாணியாக அந்த நாடு எந்தக் காலத்திலும் இருந்திருக்காது.

மேனேஜர் அறைக்கு ஓடினேன். அவர் மெட்ராஸ்காரர், கெட்டவர் இல்லை. அமெரிக்கா வந்த முதல் வாரம் எனக்கு ரஜாய்ப் போர்வையும் குக்கரும் கொடுத்தவர்.

"சார், அந்த ரூலை மட்டும் எடுத்துடலாங்க சார். ரெண்டே ரெண்டு லைனுங்க. இன்னிக்கே முடிச்சிடறேன்."

"ரெண்டு லைனோ ரெண்டாயிரம் லைனோ, ஸ்கோப்ல இல்லையேமா. நமக்குக் குடுத்தது டேட் ஃபிக்ஸ். பிசினஸ் ரூல்ல கை வெச்சா மேல இருக்கற மூணு கம்பெனியும் அப்ரூவ் பண்ணணும். எல்லாரும் ஃப்ரீஸ் பண்ணிட்டாங்க. ஜனவரி முடியறவரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது."

"தப்பான ரிப்போர்ட் போகுதுங்களே சார்."

"ப்ரோகிராம் கரெக்டா வர்க் ஆகுது. அவங்க டேட்டா தப்பு. நீ டென்ஷன் ஆகாத. உன் கிரீன் கார்டு பேப்பர் இப்பதான் மூவ் ஆகுது, ஞாபகம் இருக்கா?"

மிரட்டலாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அக்கறையாகச் சொன்னதால்தான் எனக்கு எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. ஊரில் அப்பாவுக்கு டயாலிசிஸ், தம்பிக்குப் படிப்பு. என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

மேஜர் கையெழுத்துப் போட மறுத்தார். இரண்டு நாள் மறுத்தார். மூன்றாம் நாள் அவர்கள் தலைமையகத்திலிருந்து ஒரு வரி ஃபேக்ஸ் வந்தது: கையெழுத்திடவும். பேனாவை என்னிடம்தான் கேட்டு வாங்கினார். "ஊருக்குப் போய் இரண்டு குமாஸ்தாவை வைத்துக்கொண்டு தேதிகளையெல்லாம் கையாலேயே தள்ளிவிடுகிறேன், ஒரு மாதம் இருக்கிறதே" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். ஜனவரி முடியும்வரை மிஷினை யாரும் தொட விடமாட்டார்கள் என்று அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். நூவர்க் ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டு, போய் வாருங்கள் என்று கையாட்டிவிட்டு வந்தேன்.

அவர் போய்ப் பார்த்தபோது மிஷின் அறையைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்திருந்தார்களாம். புது வருடம் பிறந்து எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று உதவி கொடுத்த நாடு சொல்லும்வரை யாரும் தொடக்கூடாது. அவர்கள் நாட்டில் புது வருடம் பிறந்தபோது எங்களுக்கு மதியம். ஆபீஸில் பீட்சா தின்றுகொண்டிருந்தோம். உலகத்தில் ஒன்றும் வெடிக்கவில்லை, விமானம் விழவில்லை. எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். நானும் குலுக்கினேன்.

ஜனவரியில் மேஜர் ஒரு முறை போனில் பேசினார். வந்து சேர்ந்ததாக மிஷின் போட்ட சாமானைத் திரும்ப இல்லையென்று ஆக்க ஒரே வழிதான் உண்டு, தொலைந்துபோனது என்று எழுத வேண்டும். தொலைந்தது என்று எழுதினால் தொலைத்தவர் கிடங்குப் பொறுப்பாளர். வராத வயர்லெஸைத் தொலைத்த குற்றத்துக்கு அவர்தான் ஜெயிலுக்குப் போக வேண்டும். அமைச்சகத்திலோ சந்தோஷம் தாங்கவில்லை. ஆறு வருடத்தில் முதல் முறையாகப் பற்றாக்குறை இல்லை. வெளிநாட்டு நிபுணர்கள் சரிபார்த்த பட்டியல் ஒன்று சொல்கிறது, நீர் ஒன்று சொல்கிறீர் என்று கேட்டார்களாம். வெளிநாட்டு நிபுணர் என்றால் நான். கேட்க நாராசமாக இருந்தது.

இதையெல்லாம் போன வருடம் என் மகளுக்குச் சொன்னேன். இங்கேயே பிறந்தவள், காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். தமிழில் கேட்டுக்கொண்டு இங்கிலீஷில் பதில் சொல்லும் ரகம். முகத்தைச் சுருக்கி, "வொய் டிட்ன்ட் யூ ஜஸ்ட் ஃபிக்ஸ் இட், மா?" என்றாள். ஸ்கோப், ஃப்ரீஸ், விசா, தாத்தாவின் டயாலிசிஸ் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றும் உண்மைதான். இந்த வீடு, இவள் படிப்பு எல்லாம் அந்த உண்மைகளின் மேல்தான் நிற்கிறது. சொல்லச் சொல்ல எனக்கே அவமானமாக இருந்தது. அவள் ஓகே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிப்ரவரியில் வந்த போனைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை.

அன்று காலை சப்போர்ட் லைனில் நான்தான் இருந்தேன். லைனில் இரைச்சல். மேஜர் நிதானமாகப் பேசினார். பட்டியலில் மேல் முகாமுக்கு வயர்லெஸ் வந்துவிட்டது என்று இருப்பதால், இனி எதற்கு என்று ஓட்டக்காரர்கள் நாலு பேரையும் கீழே இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு பனி விழுந்து பாதை மூடிவிட்டது. பதினொரு பேரிடமிருந்து ஒன்பது நாளாகச் சேதி இல்லை.

"ஆறு செட்டும் வந்ததாக உங்கள் மிஷின் சொல்கிறது. எந்த அறையில் வைத்தது என்று அதைக் கேட்டுச் சொல்லுங்கள். நானே எடுத்துக்கொண்டு மேலே ஏறுகிறேன்" என்றார்.

கிண்டல் என்றுதான் முதலில் நினைத்தேன். குரலில் கிண்டல் இல்லை. ஒன்பது நாளாகத் தூங்காத மனிதர், ஒருவேளை எங்காவது இருந்துவிடாதா என்று கேட்கிறார். என் பின்னால் வந்து நின்று, திரையில் நான் பதிந்திருந்த புகாரைப் பார்த்த மேனேஜர் என் தோளைத் தட்டி, மெதுவாக, "பாவம்தான், என்ன பண்றது. வர்க்கிங் ஆஸ் டிசைன்டுனு போட்டு க்ளோஸ் பண்ணிடுமா" என்றார். புரோகிராம் திட்டமிட்டபடி இயங்குகிறது என்று என் கையால் டைப் அடித்தேன். புகார் மூடப்பட்டதா என்று திரை கேட்டது. ஆம் என்ற பொத்தானை அழுத்தினேன்.

மேஜர் இன்னும் லைனில்தான் இருந்தார்.

"கேட்டுவிட்டீர்களா?" என்றார். "என்ன சொல்கிறது?"