பாதி இறக்காத ஷட்டர்

எதிர்க்கடை முதலாளி இறந்த மறுநாள் காலை, எங்கள் கடையின் ஷட்டர் முழுதாகத் திறந்து கிடப்பதைப் பார்த்து எனக்கு நெஞ்சு திக்கென்றது.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இரண்டும் மின்சாமான் கடைகள், நேருக்கு நேர். வியாபாரத்தில் செத்தவரும் எங்கள் பெரிய முதலாளியும் கீரியும் பாம்பும்தான். ஆனால் ஒருவர் வீட்டில் சாவு என்றால் மற்றவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். அடக்கம் முடியும் வரை விற்பனை கிடையாது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

இப்போது கடையை நடத்துவது பெரிய முதலாளியின் மகன், சின்ன முதலாளி. கனடாவில் வளர்ந்தவர். நாங்கள் பில் போடாமல் விற்பதை முதன்முதல் பார்த்தபோது, "இது களவு இல்லையா, அக்கா?" என்று அதிர்ந்து போனார். அது களவென்று என் மனதில் ஒருநாளும் பட்டதில்லை. அப்படிப்பட்ட மனுசன் இன்றைக்கு வாசலில் "பத்து வீதம் கழிவு" என்று விலைக்குறைப்புப் போர்ட் வைத்திருக்கிறார்!

"தம்பி, அங்க பிரேதம் கிடக்குது."

"தெரியும் அக்கா. பின்னேரம் நானும் போவன். ஆனா ஆக்களுக்குச் சாமான் தேவைதானே? கடையைப் பூட்டி அவங்களை அலைய விடுறது என்ன நியாயம்?"

செத்தவரின் மனைவி மாதா கோயில் ஞாயிறு பூசையில் என் பக்கத்தில் இருக்கிறவர். இனி எந்த முகத்தோடு அந்த வீட்டுப்படி ஏறுவேன்? வெட்கங்கெட்ட வியாபாரம் என்று உள்ளுக்குள் திட்டியபடியே வந்தவர்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுத்தேன்.

மத்தியானம் செத்தவரின் தம்பி உள்ளே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. சண்டைக்குத்தான் வருகிறார் என்று பயந்தேன். வரட்டும், நன்றாக நாலு கேள்வி கேட்கட்டும் என்றும் இருந்தது.

"தங்கச்சி, பந்தலுக்கு வயரும் பல்பும் வேணும். அண்ணன்ட கடையை இண்டைக்குத் திறக்கேலாதுதானே." போர்ட்டைத் திரும்பிப் பார்த்தார். "அந்தக் கழிவு எங்களுக்கும் இருக்குதானே?"

சின்ன முதலாளியின் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ அங்கிள், காசே வேண்டாம். சும்மா கொண்டு போங்க."

அப்போதுதான் அந்த மனுசனுக்குக் கோபம் வந்தது. "செத்த வீட்டுக்கு ஓசியில லைட் போடச் சொல்றீங்களா, தம்பி? நாங்க பிச்சைக்கு வரேல்ல. கழிவு மட்டும் போதும்."

நான் வயரை அளக்கத் தொடங்கினேன். காலையிலிருந்து யாருக்காக இப்படிக் கூசிச் செத்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.