நாற்பத்தேழாம் எண்ணின் ரத்தம்

எங்கள் ஆஸ்பத்திரியில் எனக்குப் பெயர் ஊசிக்காரம்மா. இருபது வருடமாக ரத்தம் எடுக்கிறேன். நரம்பு எங்கே ஒளிந்தாலும் ஒரே குத்தில் பிடித்துவிடுவேன். வாய்தான் கொஞ்சம் நீளம். சட்டையில் புகை வாடையோடு யாராவது வந்து உட்கார்ந்தால் போதும், "உங்க வீட்டுக்காரிக்கு மூக்கே கிடையாதா?" என்று பிடித்துக்கொள்வேன்.

போன வருடம் நுரையீரல் டாக்டரம்மா ஓர் ஆய்வு தொடங்கினார். உள்ளே கட்டி முளைக்கும்போதே உடம்பு அதை எதிர்த்துச் சில ஆன்டிபாடிகளை உண்டாக்குமாம்; அவற்றை ரத்தத்தில் பார்த்துப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கும் சோதனை. புகைப்பவர்கள் நூறு பேர்; ஒப்பிட்டுப் பார்க்க, புகையைத் தொடாதவர்கள் நூறு பேர். இரண்டாவது பட்டியலுக்கு ஆள் குறைந்தது. "உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்களேன்க்கா" என்றார் டாக்டரம்மா, எல்லோர் முன்னாலும்.

என் வீட்டுக்காரரோ ஊதித் தள்ளுகிறவர். ஊரையே ஏசியவள் எந்த முகத்தோடு அதைச் சொல்வேன்? கூட்டிவந்தேன். நானே ரத்தம் எடுத்து, குழாயில் நாற்பத்தேழு என்று எண் ஒட்டினேன். 'புகைத்ததுண்டா' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று முடிவுகள் வந்தன. "புகைக்காதவங்கள்ல நாப்பத்தேழுக்கு மட்டும் தூக்கலா காட்டுது. நல்லா இருக்கிறவங்களுக்கும் சில சமயம் இப்படி வரும், விட்டுடலாம். புகைக்கிறவங்கள்ல ஆறு பேரை ஸ்கேனுக்குக் கூப்பிடுங்க" என்றார் டாக்டரம்மா.

முடிவுத் தாளை அவர் மூடுவதற்குள் கையை நீட்டித் தடுத்தேன்.

"விட்டுடாதீங்க டாக்டர்! அது எங்க வீட்டுக்காரர். சிகரெட் பிடிப்பார். கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே. நான்தான் பொய் எழுதினேன்."

சிகரெட்டுக்காகத் தினமும் என்னிடம் வசவு வாங்கும் லிஃப்ட்காரர் அங்கேதான் நின்றிருந்தார். அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை, தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. 'இல்லை'யை அடித்துவிட்டு ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார்.

வீட்டில் சீட்டை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கட்டியா இல்லையா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றும் சொன்னேன். வெட்கத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அன்னிக்கே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல நீங்க?"

"உனக்குத் தலைகுனிவாப் போயிடுமேன்னுதான் சும்மா இருந்தேன்" என்றார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

"நாளைக்கு அங்க உன்கூட வேலை செய்றவங்கல்லாம் இருப்பாங்களே. நீ வர்றியா, இல்ல நான் தனியாப் போய்க்கட்டுமா?"