பங்குனியில் பெற்றவள்

திலகத்தைப் போல் சொன்ன பேச்சைக் கேட்கிற பெண் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வேறு யாரும் இல்லை. அவளிடம் எனக்குப் பிடிக்காத குணமும் அதுதான். சுங்கை பெசார் பக்கத்துக்காரி. கோல சிலாங்கூரை ஒட்டிய எங்கள் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். உதிரிப் பழம் பொறுக்குவாள். புருஷன் செல்லன் குலை வெட்டுகிறவன். நல்லவன்தான், ஆனால் எதற்கெடுத்தாலும் பயப்படுவான்.

எண்பத்து மூன்றாம் வருஷம் பங்குனியில் அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. பேருக்குக்கூட மழை இல்லை. வெயில் ஏற ஏறத் தகரக் கூரை படபடவென்று சத்தம் போடும். தோட்டத்து மின்சாரம் ராத்திரி விளக்குக்கு மட்டும்தான். பகலில் காற்றாடி இருந்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை. நாங்களெல்லாம் மரத்தடியில் கிடந்தோம். திலகம் மட்டும் உள்ளே கிடந்தாள். பிள்ளை பெற்ற பச்சை உடம்பில் காற்றுப் படக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, பலகை இடுக்குகளில் பழந்துணி அடைத்து, கட்டிலுக்கடியில் அனல் சட்டியும் வைத்திருந்தான் செல்லன். தாகத்துக்கு வெந்நீர் இரண்டு மிடறு, அவ்வளவுதான். கப்பலேறி வந்த முன்னோர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கம். அங்கே ஓலைக் கூரைக்கும் அடைமழைக்கும் சரியாக இருந்திருக்கலாம். இந்தத் தகரத்துக்குக் கீழே யாரால் தாங்க முடியும்?

அவள் வாயைத் திறக்காததற்குக் காரணம் இருந்தது. முதல் பிள்ளையும் ஒரு பங்குனியில்தான் பிறந்து, பத்து நாள்கூடத் தங்காமல் போய்விட்டது. அதற்கு முந்தின ராத்திரி புழுக்கம் தாங்காமல் திலகம் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தாள். பிள்ளைக்குக் குளிர் ஏறிவிட்டது என்று லயமே சொன்னது. பெற்றவளே கொன்றுவிட்டாள் என்ற பேரைச் சுமந்துகொண்டு நடமாடினாள். இதையும் பறிகொடுத்துவிடக் கூடாதே என்றுதான் இப்போது மூச்சுக் காட்டாமல் வெந்துகொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். அது கூரை வரை எட்டாது. ஒரு மத்தியானம், செல்லன் சோற்றுக்கு வந்திருந்தபோது, உள்ளே சமைத்துக்கொண்டிருந்த எனக்குப் பேச்சுக் கேட்டது.

"என்னங்க, புள்ள பால் குடிக்க மாட்டேங்குது. உடம்பு கொதிக்குது. ஜன்னல மட்டும் தொறங்களேன்."

"காய்ச்சல்ல காத்துப் பட்டா ஜன்னி வந்துரும். போன தடவ பட்டது போதாதா?"

பிள்ளைமேல் இன்னொரு கம்பளியைப் போட்டுவிட்டு, சட்டியில் கரியும் அள்ளிப் போட்டுவிட்டு அவன் வேலைக்குப் போய்விட்டான். பிள்ளையின் அழுகை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. அப்புறம் நின்றேபோனது. சுவரைத் தட்டினேன்.

"திலகம், புள்ள சத்தத்தையே காணோம்?"

கதவு திறக்கிற சத்தம்தான் கேட்டது. நான் வெளியே வருவதற்குள் அவள் பிள்ளையோடு பொதுக் குழாயை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். அந்த வறட்சியில் குழாயில் மத்தியானம் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். பெண்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள்.

"ஏய், தீட்டோட குழாயத் தொடாதே லா! பதினாறு நாள் இன்னும் கழியல!" என்று முன்னால் நின்ற சின்னத்தாய் கத்தினாள்.

வாளிகளெல்லாம் விலகின. திலகத்தின் கை குழாய்க்கு ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டது. பழக்கம் அப்படி. போய்விடுவாள் என்றே நினைத்தேன். அவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். உதடு காய்ந்து, கண் செருகிக் கிடந்தது. குழாயைத் திறந்தாள். சுற்றியிருந்த துணிகளை உருவி எறிந்துவிட்டு, முந்தானையை நனைத்துப் பிள்ளையின் உடம்பைத் துடைத்தாள்.

யாரோ சொல்லிச் செல்லன் ஓடிவந்தான். "பாவி! இதையும் கொல்லப் போறியா?" என்று பிள்ளையைப் பிடுங்கக் கை நீட்டினான்.

"தொட்டீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

திலகத்தின் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. செல்லன் கையை இழுத்துக்கொண்டான். குழாய்த் தண்ணீர் சொட்டுச் சொட்டாகிவிட்டது. பிள்ளையைக் கிட்டே பார்த்த சின்னத்தாய் தன் வாளியை அவள் பக்கம் தள்ளினாள். துடைக்கத் துடைக்கப் பிள்ளை காலை அசைத்தது. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வைத்தியம் பார்க்கிற டிரெசர் அங்கே தொட்டு இங்கே தொட்டுப் பார்த்துவிட்டுச் செல்லனைத்தான் திட்டினார். "குளிரும் இல்ல, ஜன்னியும் இல்லப்பா. வெக்கை. பச்சப் புள்ளய இப்படிப் பூட்டி வச்சா என்னாகும்?"

வெளி பெஞ்சில் காற்றாட உட்கார்ந்ததும் பிள்ளை பால் குடித்தது. செல்லன் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அப்ப... நம்ம பெரியவன்?" என்றான்.

திலகம் நிமிரவில்லை. "அன்னிக்கு நான் ஜன்னல் தொறந்தது பத்தலைங்க. கதவையும் தொறந்திருக்கணும்" என்றாள்.

அவன் அங்கேயே உட்கார்ந்து அழுதான். அவள் தேற்றவில்லை. பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் பால் கொடுத்தாள்.