காலியான மணல் தொட்டி

சரக்கை ஏற்றியபின் அடிக்கடி இறங்கிப்போய் அது சூடாகிறதா என்று பார்க்க வேண்டிய தொழில் பேட்டரி ஏற்றுவது. பட்டாசு, பெயின்ட், கேஸ் சிலிண்டர் ஏற்றும் அன்பர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பெரம்பலூரில் பேட்டரி ஸ்கூட்டர் விற்கும் ஒரு கடைக்கு லோடு வண்டி ஓட்டுகிறேன். புது லித்தியம் பேட்டரியைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். கெட்டதை வாங்கி வருவேன். கூட வரும் லோடுமேன் முருகேசனுக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம்.

திருஷ்டி

அரியலூர்க் கடைக்காரர் சரக்கு வந்ததும் பூசணிக்காய்மேல் கற்பூரம் கொளுத்தி, பேட்டரிப் பெட்டிகளுக்குத் திருஷ்டி சுற்றுவார். பெட்டியின்மேல் தீப்பிழம்பு படமும் எச்சரிக்கையும் அச்சிட்டிருக்கும். ஒருநாள் கற்பூரத் துண்டு ஒன்று எரிந்தபடியே அட்டைமேல் விழுந்தது. செருப்பால் தட்டிவிட்டு, தெருவில் வைத்துச் சுற்றக் கூடாதா என்று கேட்டேன். அவருக்கு வருத்தம்.

"என்ன சார், தீப்பிடிக்கக் கூடாதுன்னுதானே சுத்துறேன்!"

ஈரச் சாக்கு

வேப்பந்தட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர், உப்பிப்போன பேட்டரியை ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே பெரம்பலூர் வந்துவிட்டார். சூடாக இருந்ததாம், அதனால் நனைத்தாராம். உள்ளே தண்ணீர் இறங்கினால் ஷார்ட் ஆகும், பஸ்ஸோடு எரிந்து போயிருக்கும் என்று சொன்னேன். கண்டக்டர் எப்படி விட்டார் என்றும் கேட்டேன்.

"தென்னங்கன்னுன்னு சொன்னேங்க. காத்துப் படட்டும்னு ஜன்னலோரத்துல எடம் குடுத்தாரு."

தொட்டி

உப்பிய பேட்டரிக்காக வண்டியில் ஒரு இரும்புத் தொட்டி உண்டு. நிறையக் காய்ந்த மணல். பேட்டரியை அதில் புதைத்துக் கொண்டுவந்தால், பற்றினாலும் தீ சீக்கிரம் பரவாது. முருகேசனுக்கு இது பிடிக்கவே இல்லை. ஆலத்தியூர் டீக்கடையில் எல்லோரும் கேட்கும்படியே சொன்னார்.

"ஆத்து மணலுக்கு ஊரே அலையுது. நம்ம டிரைவரு அதை வண்டியில வச்சு ஊர் சுத்திக் காட்டுறாரு."

முந்திரித் தோப்பு

சித்திரை வெயிலில் ஜெயங்கொண்டத்தில் ஒரு உப்பிய பேட்டரி. தொட்டியைத் திறந்தால் மணல் இல்லை. வீட்டுப் படி உடைந்திருந்ததாம், முருகேசன் அந்த மணலை எடுத்துப் பூசிவிட்டார். வெறும் தொட்டியில் வைத்து மெதுவாகப் போகலாம் என்று முடிவு செய்தது நான். அந்தத் தப்பு என்னுடையது.

ஒரு முந்திரித் தோப்பருகே வண்டியின் பின்னாலிருந்து புகை. சாலையின் இரு பக்கமும் காய்ந்த சருகு. ஒரு பொறி போதும். தோப்புக்கார அம்மாள் கொட்டை காயப்போட வெட்டவெளியில் ஒரு இடத்தைச் சருகில்லாமல் பெருக்கி, தார்ப்பாயில் கொட்டையைப் பரப்பி வைத்திருந்தார். "அக்கா, தார்ப்பாயை இழுங்க!" என்று கத்தினேன். அவர் கொட்டையோடு அதை இழுத்து ஓட, நாங்கள் தொட்டியை அங்கே தள்ளிவிட்டு, காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஓடினோம். சீறிக்கொண்டு எரிந்தது.

புகை தணிந்ததும் முருகேசன் மண்ணை வாரிக் கொட்டிவிட்டு, "கெளம்பலாமா?" என்றார். "கெளம்புவீங்களா? எம் பொழப்பே இந்தத் தோப்புதான்" என்று அந்த அம்மாள் மண்வெட்டியோடு வண்டியை மறித்து நின்றார். அவர் பயந்தது சரிதான். அரை மணி நேரத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு மறுபடி பற்றியது. மூவரும் மாறி மாறி மண் போட்டோம். பொழுது சாயும்வரை காவல் இருந்தோம். தோப்பில் ஓர் இலைகூடக் கருகவில்லை. அதன்பின்தான் அவர் வழிவிட்டார். போகும்போது விளக்குமாற்றை முருகேசன் கையில் கொடுத்தார்.

"கொட்டை காயப்போடத்தான் பெருக்குனேன், உங்க கொள்ளியக் கொண்டாந்து கொட்டுறதுக்கு இல்ல. பெருக்கிட்டுப் போங்க."

இப்போது தொட்டியில் புது மணல் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. முருகேசன் வீட்டுப் படி மட்டும் எந்தத் தீயும் அண்டாத பாதுகாப்போடு இருக்கிறது.