மெத்தை கையளித்த நாள்

எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்கு நான் தலைவி. ஆனால் சங்கத்து விழாக்கள் நடக்கும் மண்டபத்தின் மேடையில் நானாக ஒருநாளும் ஏறியதில்லை. சின்ன வயதில் வந்த போலியோ என் கால்களைச் சூம்ப வைத்துவிட்டது. அங்கே படிகள் மட்டும்தான் இருக்கின்றன. யாராவது தூக்கி வைப்பார்கள், பிறகு இறக்கி விடுவார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், எனக்கு எரிச்சல்தான் வரும்.

மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், மண்டூரில், எங்கள் உறுப்பினர் ஒருவர் இருந்தார். வயல் வட்டையில் கூலி வேலை செய்தவர். தென்னையிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கிடந்த கிடையில் முதுகின் அடியில் புண் வைத்தது. மருந்து இலவசமாகத்தான் கட்டினார்கள். ஆனால் அழுத்தம் பட்டால் புண் ஆறாது, காற்று நிரப்பும் மெத்தை வேண்டும் என்றார் டொக்டர். அந்த மெத்தை ஆஸ்பத்திரியில் தருகிற பொருள் இல்லை. சக்கர நாற்காலி என்றால் யாரும் தருவார்கள், படத்தில் அழகாக விழும். புண்ணுக்கு மெத்தை கேட்டு நாயாய் அலைந்தேன். கடைசியில் ஒரு தொண்டு நிறுவனம் இரங்கியது.

மெத்தை வந்து சேர்ந்தது. ஆனால் கையளிப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து பிரதம விருந்தினர் வர வேண்டுமாம், அதுவரை பொலித்தீன் பிரிக்காமல் சங்கத்திலேயே இருக்கட்டுமாம். புண் விருந்தினருக்காகக் காத்திருக்குமா? என் மூன்று சக்கர சைக்கிளில் அதைக் கட்டி, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் வாவியைக் கடந்து, அன்றைக்கே அவருக்கு விரித்துக் கொடுத்தேன். மெத்தைக்குக் காற்றடிக்கும் மோட்டார் இரையத் தொடங்கியதும் அவர் மனைவி அழுதுவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாகப் புண் காய்ந்து வந்தது.

பிறகு விழாவுக்கு நாள் குறித்தார்கள். நிறுவனத்து உத்தியோகத்தர் போன் எடுத்தார்.

“அக்கா, மெத்தையக் கழட்டிக் கழுவி, பொலித்தீன்ல சுத்திக் கொண்டு வாங்க. அவரையும் கூட்டி வாங்க. கையளிக்கிற படம் இல்லாட்டி அடுத்தமுறை உங்கட சங்கத்துக்கு ஒண்டும் கேக்க ஏலாது.”

“அவர இருத்தி வைக்கக் கூடாது தம்பி, புண் இப்பத்தான் ஆறுது” என்று சத்தம் போட்டேன். அவர் அசையவில்லை. நான் மறுத்துவிடத்தான் இருந்தேன். விஷயம் தெரிந்ததும் நோயாளியே எனக்குப் போன் எடுத்தார்.

“விடுங்க அக்கா. தந்த மனிசர் முகம் கோணப்படாது. எனக்குப் பொறகும் ஆக்கள் இரிக்காங்கதானே. ஒரு நாள்தானே, வாறன்.”

எங்கள் சனங்களின் பாழாய்ப்போன மரியாதை இது. கிடைத்ததற்கு நன்றி சொல்லியே செத்துப்போவோம்.

விருந்தினர் பிந்தித்தான் வந்தார். மாலை, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை. என்னைத் தூக்கி மேடையில் வைத்திருந்தார்கள். கீழே முன்வரிசையில் மண்டூர்க்காரர், புண்ணில் பாரம் படாமலிருக்க, பிளாஸ்டிக் கதிரையின் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு கை சோர்ந்து அப்படியே இருந்துவிட்டார். வலி தெரியாத உடம்பு, அதனால் சிரித்துக்கொண்டிருந்தார். “அவருக்கு முதல்ல குடுத்து அனுப்புங்க” என்று பக்கத்தில் இருந்த உத்தியோகத்தரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். “நிகழ்ச்சி நிரல்படிதான் அக்கா” என்றார். இறங்கிப் போக எனக்குக் கால் இல்லை. என் வாழ்நாளில் அன்றைக்குப் போல என் கால்களை நான் வெறுத்ததில்லை.

கடைசியில் மெத்தையை அவர் மடியில் வைத்துப் படமெடுத்தார்கள்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது புண் திறந்து கிடந்ததாம். காய்ச்சல் வந்தது, இரத்தத்தில் கிருமி ஏறியது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவர் மனைவி மெத்தையைக் கழுவிக் காயவைத்து, ஓட்டோவில் சங்கத்துக்குக் கொண்டு வந்தார். கிரானில் இன்னொருவர் இதே புண்ணோடு கிடக்கிறார் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மெத்தையை என் மேசையில் வைத்தார்.

“அவருக்குக் குடுங்க அக்கா” என்றார். “ஆனா அந்த மனிசனக் கூப்பிட்டு இருத்தி வைக்காதீங்க.”