என் முழங்காலுக்கு வந்த நோவு

எங்கள் ஒழுங்கையில், இந்த ஒடுங்கின தெருவில், ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. கொட்டாஞ்சேனைக்கு வந்த நாளில் இருந்து எனக்கு அதுதான் கோயில். திருவிழாவில் பிள்ளையாரை எலி வாகனத்தில் இருத்தி வீதி சுற்றுவோம். வாகனத்துக்குக் கீழே இரண்டு நீள மரம் கட்டி, ஆட்கள் தோளில் காவுவோம். எலி என்று பேர்தான். பாரம் லொறிப் பாரம்.

என் மகளுக்கு டெங்கு வந்தபோது அவளுக்கு ஆறு வயது. ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து நேர்ந்தேன். பிள்ளை எழும்பினால் என் தோள் இருக்கும்வரை வருடா வருடம் உன்னைக் காவுவேன் என்று. பிள்ளை எழும்பிவிட்டாள். இப்போது வெள்ளவத்தையில் புடவைக் கடையில் நிற்கிறாள். நானும் ஒரு வருடம் விடாமல் காவினேன்.

காவுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சோடி ஆட்களின் தோள் ஒரே உயரத்தில் இருக்கவேண்டும். ஒருவன் உயரம், ஒருவன் கட்டை என்றால் பாரம் முழுக்க உயரமானவனில் இறங்கும். என் சோடி புதுக்கடையில் ஒரு லோயரிடம் எழுத்து வேலை பார்க்கிற கிளாக். நான் முன்னுக்கு இடப்பக்கம், அவர் வலப்பக்கம். அவருக்கும் எனக்கும் அந்தத் தோளைத் தவிர வேறு பெரிய பழக்கம் இல்லை. சால்வையை மடித்து வைத்துக்கொண்டு தூக்குவோம். இறக்குவோம். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவோம்.

பிறகு கோயிலைப் பெரிதாகக் கட்டினார்கள். வெள்ளவத்தையில் இருந்தும் சனம் வரத் தொடங்கியது. கோயில் சபைக்குப் புதிதாக ஒரு தலைவர் வந்தார். பெரிய உத்தியோகத்தில் இருந்து பென்சன் எடுத்தவர். நல்ல மனிதர். வெள்ளிக்கிழமைகளில் பூசை முடியப் பிரசங்கம் செய்வார். நானும் தூணோடு சாய்ந்திருந்து கேட்பேன்.

ஒரு வெள்ளி சாதியைப் பற்றிச் சொன்னார். எங்கள் சமயத்தில் சாதி பிறப்பால் வந்ததில்லையாம். ஒருவனுடைய குணமும் அவன் செய்யும் கருமமும்தான் அவனை இன்னார் என்று காட்டுமாம். பிறப்பால் என்றது பின்னால் வந்தவர்கள் செய்த பிழையாம். நன்றாகத்தான் சொன்னார். எல்லோரும் தலை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

பிரசாதம் வாங்க வரிசையில் நின்றபோது முன்னால் ஒரு அம்மா. வெள்ளவத்தை பிளாட்டில் இருந்து வருகிறவர். பிரசங்கத்துக்கு எல்லோரையும்விடக் கூடத் தலை ஆட்டியவர். திரும்பிச் சிரித்தார்.

"தம்பி, நீங்கள் யாழ்ப்பாணமோ?"

"ஓம்."

"யாழ்ப்பாணத்தில எவடம்?"

ஊரின் பெயரைச் சொன்னேன்.

"அட, எங்கட மருமகன்ர ஆக்களும் அங்கதான். ஊருக்குள்ள எவடம்? எந்தக் கோயிலடி?"

அதையும் சொன்னேன். பெயரைக்கூடக் கேட்காமல் எங்கள் ஆட்கள் சாதி கேட்பது இப்படித்தான். கோயிலைச் சொன்னால் ஒழுங்கை தெரியும். ஒழுங்கை தெரிந்தால் எல்லாம் தெரியும். அம்மா "ஓ" என்றார். பிறகு இந்த முறை மழை பிந்திவிட்டது என்று கதைத்தார்.

வீட்டில் மனைவிக்குச் சொன்னேன்.

"பக்கத்துக் கோயிலைச் சொல்லியிருக்கலாமே. எத்தினை பேர் சொல்லுதுகள்."

"பிள்ளையாருக்கு முன்னால நிண்டனான்."

"அவருக்குத் தெரியாததே. அந்த மனுசிக்குத்தானே சொல்லுறியள்."

அடுத்த கிழமை எனக்கு முழங்கால் நோவு தொடங்கியது. எனக்குத் தெரியாது. மற்றவர்கள்தான் சொன்னார்கள். கோயில் வாசலில் ஒருவர், "அண்ணை, முழங்கால் ஏலாதாம், கவனம்" என்றார். செருப்புப் பார்க்கிற கிழவர், "நீர் ஏன் படி ஏறுறீர், கீழ நிண்டு கும்பிடுமன்" என்றார். அந்த அம்மா ஒரு போத்தல் எண்ணெய் கொண்டுவந்து கையில் தந்தார்.

"மூட்டுக்கு நல்லது தம்பி. இந்த முறை பாரம் ஒண்டும் தூக்காதேங்கோ."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கரைச்சல். ஏசினால் திருப்பி ஏசலாம். எண்ணெய் தருகிறவருக்கு என்ன சொல்வது.

ஓட்டோ பார்க்கில் என் ஓட்டோவுக்குப் பக்கத்தில் நிறுத்துகிற சிங்களப் பெடியனும் கேட்டான். "அய்யே," அவன் பாஷையில் அண்ணன், "கால் நோவாமே?" அவனுக்கு யார் சொன்னது என்று இன்றைக்கும் தெரியாது. மனைவி சிரித்தாள்.

"உங்கட முழங்கால் கொழும்பெல்லாம் போய்ட்டுது. உங்களுக்குத்தான் இன்னும் வரேல்லை."

ஒருநாள் தலைவர் என் ஓட்டோவில் ஏறினார். வெள்ளவத்தைக்கு. காலிமுகத்திடல் தாண்டியதும் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, முழங்கால் எண்டு சொல்லிச்சினம்."

"சொல்லுகினம் ஐயா."

"இந்த முறை நீர் முன்னுக்குத் தீபம் பிடிச்சுக்கொண்டு போகலாம். அதுவும் தொண்டுதான். காவுறதுக்கு என்ர மருமகன் நிப்பான்."

"எனக்கு நேர்த்தி ஐயா. பிள்ளைக்காக நேந்தது."

கண்ணாடியில் பார்த்தேன். அவர் வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இதெல்லாம் பாக்கிறவன் இல்லை. நீர் என்ர பிரசங்கம் கேட்டிருப்பீர்."

"கேட்டனான். ஒரு சந்தேகம் ஐயா. குணத்தால எண்டால், அதை ஆர் பாத்துச் சொல்லுறது?"

அவர் விளக்கினார். நீளமாக, பொறுமையாக. பாதி பஸ் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்ட பாதியில், அது அவரவர் நடத்தையில் தெரியும் என்றார். பம்பலப்பிட்டிச் சந்தியில் லைட் சிவப்பு. நான் யோசித்தேன். அன்று காலையில்தான் மிச்சக் காசில் குறை சொன்ன ஒருவனை வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தேன். பின்னேரம் ஒரு கிழவியை ஏற்றிக்கொண்டு போய்ச் சும்மா இறக்கிவிட்டேன். அப்படியென்றால் காலையில் நான் ஒன்று, பின்னேரம் வேறொன்று. பிறப்பால் என்றால் ஒரு கோயிலின் பெயரோடு முடிந்துவிடும். குணத்தால் என்றால் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. லைட் பச்சையாகிவிட்டது.

இறங்கும்போது தோளில் தட்டினார்.

"சனம் ஒருமாதிரி. கோயில் நடக்கோணும். உமக்கு விளங்கும்தானே."

எனக்கு விளங்கியது. அவருக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. நல்ல மனிதருக்கு வராது. அதனால்தான் அவருக்கு என் முழங்கால் தேவைப்பட்டது.

திருவிழாவன்று மனைவி கேட்டாள். "போகத்தான் வேணுமோ?"

"நேந்தது நான்."

"எல்லாருக்கும் முன்னால ஏதும் சொன்னால்?"

"சொல்லட்டும். காதால கேக்கோணும்."

வேட்டி கட்டி, சால்வையை மடித்து எடுத்துக்கொண்டு போனேன். பூசை முடிந்து திரை விலகியிருந்தது. வாகனத்தில் பிள்ளையார் ஏறிவிட்டார். காவுகிறவர்கள் மரத்தடியில் நின்றார்கள். என் இடத்தில் தலைவரின் மருமகன். ஜிம்முக்குப் போகிற உடம்பு. என் சோடியைவிட ஒரு சாண் உயரம். அவன் முகத்தில் கல்யாணத்துக்குக் கூட்டிவந்த மாப்பிள்ளையின் பயம்.

தலைவர் என்னைக் கண்டார். கிட்ட வந்து மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, முழங்கால்..."

"சுகம் ஐயா."

"அப்பிடியெண்டாலும் இந்த முறை..."

நான் பிள்ளையாருக்கு முன்னால் போனேன். காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டேன். எல்லோரும் போடுவதுதான். மூன்று போட்டால் போதும். நான் நிறுத்தவில்லை. இருந்து எழும்பினேன். இருந்து எழும்பினேன். மேளக்காரன் என்னைப் பார்த்துத் தாளத்தைக் குறைத்தான். சனம் பார்த்தது. அந்த அம்மாவும் பார்த்தார். எத்தனை போட்டேன் என்று எண்ணவில்லை. மூச்சு வாங்கியதும் நிறுத்தினேன். திரும்பித் தலைவரைப் பார்த்து நின்றேன்.

கோபமாகப் பார்க்கவில்லை. காத்துக்கொண்டு நின்றேன். வேறு காரணம் இருந்தால் அவர் சொல்லலாம். சொன்னால் நான் போய்விடுவேன். ஆனால் மைக்கில் பிரசங்கம் செய்த அதே மண்டபத்தில், அதே சனத்துக்கு முன்னால் சொல்லவேண்டும்.

அவர் வாயைத் திறந்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சால்வையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே நின்றார்.

என் சோடி கிளாக் மரத்தில் கை வைத்தபடி சொன்னார், "இந்தக் காலுக்கோ நோ எண்டனீங்கள்? எனக்கு இப்பிடி ஒரு நோ வரட்டும்."

யாரோ சிரித்தார்கள். மருமகன் மரத்தை விட்டு விலகினான். "நீங்க வாங்கோ அங்கிள்" என்றான். அவன் சொன்னதுபோல அந்த நாளில் வேறு யாரும் மனதாரச் சொல்லவில்லை. நான் என் இடத்தில் போய் நின்றேன். சால்வையை வைத்தேன். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அரோகரா" என்றார். தூக்கினோம்.

ஒழுங்கையைச் சுற்றி வரும்போது அந்த அம்மா தேங்காய் உடைக்கிற இடத்தில் நின்றார். சாமியைக் கும்பிட்டார். சாமிக்குக் கீழே என் தலை இருந்தது. என்னைப் பார்க்காமல் கும்பிட அவருக்கு இடம் இல்லை. கண்ணை மூடிக் கும்பிட்டார்.

அடுத்த நாள் காலையில் பாயால் எழும்ப முடியவில்லை. இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. மனைவி அந்த எண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து தேய்த்தாள். நல்ல எண்ணெய். பின்னேரம் வீக்கம் வற்றியது.

"ஆரும் கேட்டால் என்ன சொல்லுறது?" என்றாள்.

"சுகம் எண்டு சொல்லும்."

அன்றைக்கு ஓட்டோ எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தேன். பார்க்கில் அந்தப் பெடியன் கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன்.